கரப்பான் உள்ள கைக்குழந்தையும் செட்டிநாட்டு வெயிலும்

காரைக்குடிப் பக்கம் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கன்னத்திலும் முழங்கையிலும் சொரசொரவென்று கரப்பான் கண்ட ஏழு மாதக் குழந்தையை அந்த வெயிலில் எப்படி வெளியே தூக்கிப் போவது என்று கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு ஒரு பதில் வரும். காலை வெயிலில் காட்டினால் காய்ந்து ஆறிவிடும் என்பார் ஒருவர். வாசற்படியே தாண்டக் கூடாது என்பார் இன்னொருவர். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா சன்ஸ்கிரீன் ட்யூப் ஒன்றைக் கூரியரில் அனுப்பிவிட்டு, தினமும் பூசு என்று போனில் சொல்வார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் தப்பும் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குழந்தைகளுக்கு நிழல்தான் முதல் மருந்து. அடுத்தது வெளியே போகும் நேரம். அப்புறம் துணி. கிரீம் கடைசி. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கிரீம் பூசியாகிவிட்டது என்ற தைரியத்தில் பதினோரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

கரப்பான் தோலுக்கு என்ன குறை

நாம் கரப்பான் என்று சொல்வதைத் தோல் டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் அதில் அடோபிக் டெர்மடைட்டிஸ் என்ற வகை. இது ஒட்டுவாரொட்டி இல்லை. அழுக்கினாலும் வருவதில்லை. தோலின் மேலடுக்கில் செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, இடையில் ஒருவகைக் கொழுப்பு நிரம்பியிருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் எரிச்சல் உள்ளே வராமலும் காப்பது இந்த அடுக்குதான். நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் சில ஓடுகள் விலகிப்போனால் எப்படியோ, கரப்பான் குழந்தையின் தோல் அப்படி. ஈரம் வெளியே கசியும், தூசியும் சோப்பும் வேர்வையும் உள்ளே இறங்கும். இந்த அடுக்கைக் கட்டுவதற்கு ஃபிலாக்ரின் என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணுவில் குறையோடு பிறப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ அலர்ஜித் தும்மலோ இருந்தால் பிள்ளைக்கும் வருவது அதனால்தான் சகஜம். அம்மா கத்திரிக்காய் சாப்பிட்டாள், கருவாடு சாப்பிட்டாள் என்று பெற்றவளைக் குற்றம் சொல்வதை இனியாவது விட்டுவிடலாம். டாக்டர் சொல்லாமல் பால் கொடுக்கும் தாய்க்குப் பத்தியம் போடவும் வேண்டாம்.

கைக்குழந்தைக்கு இது கன்னம், நெற்றி, தலை, கைகால்களின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் வரும். வளர வளர முழங்கை மடிப்புக்கும் முழங்கால் பின்மடிப்புக்கும் இடம் மாறும். கன்னமும் நெற்றியும்தான் வெயில் நேராக விழும் இடங்கள் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. படத்தில் பார்க்கிற வெள்ளைக்காரக் குழந்தைக்குச் செக்கச்செவேல் என்று தெரிகிற தடிப்பு, நம் நிறத்தில் சாம்பல் பூத்ததுபோலவோ கருத்தோ ஊதாச் சாயலிலோதான் தெரியும். சிவக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் சூடும் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.

வெயிலில் இருக்கும் மூன்று

வெயில் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் தோல்மேல் படுவது மூன்று சமாச்சாரம். ஒன்று, யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர். தோலைச் சுட்டுக் கன்றச் செய்வது இதுதான். வைட்டமின் டி தருவதும் இதேதான். இரண்டாவது யு.வி.ஏ. இது தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். மூன்றாவது சூடு. கரப்பான் குழந்தைக்கு அன்றாடம் அதிகத் தொல்லை தருவது இந்த மூன்றாவதுதான் என்பேன். சூட்டில் வேர்க்கும். விலகிய ஓட்டின் வழியே வேர்வையின் உப்பு இறங்கி அரிக்கும். பிள்ளை கன்னத்தைத் தலையணையில் தேய்க்கும், தேய்த்த இடம் புண்ணாகும், புண் இன்னும் அரிக்கும்.

வெள்ளைக்காரர்கள் வெயிலைப் பற்றி எழுதுவதில் தோல் புற்றுநோய் பயம் முன்னால் நிற்கும். நம் தோலின் நிறமி அந்த ஆபத்தைப் பெரிய அளவில் குறைக்கிறது. அதனால் அந்தப் பயத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டாம். அதற்காகக் கவலையே இல்லை என்றும் ஆகாது. கைக்குழந்தையின் தோல் மெல்லியது, நிறமியும் முழுவேகத்தில் வேலை செய்யத் தொடங்கியிருக்காது, மாநிறப் பிள்ளைக்கும் வெயில் கன்றும். கரப்பான் ஆறிய இடத்தில் வெயில் பட்டால் கருந்தழும்பு அழுத்தமாகி மாதக்கணக்கில் நிற்கும்.

புற ஊதாவின் வலிமைக்கு யு.வி. இண்டெக்ஸ் என்று ஓர் எண் உண்டு. போனில் வானிலை பார்க்கும் இடத்திலேயே இருக்கும். 2 வரை பயமில்லை. 3 முதல் காப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 8 முதல் மிக அதிகம், 11 முதல் உச்சம். காரைக்குடி பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 10 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும், ஆவணியில் மறுபடியும் ஒருமுறை நிற்கும். அந்த நாட்களில் மதியம் வானம் தெளிவாக இருந்தால் எண் 11ஐத் தொடுவது சாதாரணம். மார்கழியில் காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் மதியக் கதிர் அப்போதும் காப்பு வேண்டிய அளவுக்கு இருக்கும். சூடு உடம்புக்குத் தெரியும், புற ஊதா தெரியாது. அதனால்தான் மேகமூட்டமான நாளிலும் பிள்ளைக்குக் கன்னம் கன்றுகிறது. மெல்லிய மேகம் கதிரின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும்.

போன் இல்லாவிட்டால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. நிழல் உங்கள் உயரத்தைத் தாண்டி நீண்டு கிடந்தால் பரவாயில்லை. நம் ஊரில் கோடையில் காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் அப்படி இருக்கும்.

இளவெயிலில் காட்டலாமா

பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கிற முதல் ஆலோசனை இது. “மஞ்சக்காமாலை இறங்கும், எலும்பு உறுதியாகும், கரப்பானும் காஞ்சுரும், முகப்புல போட்டு எடு” என்பார் ஆயா, அதாவது பாட்டி. முகப்பு கிழக்கு பார்த்த வீடாக இருந்தால் ஏழு மணிக்கெல்லாம் திண்ணையில் வெயில் விழும். பிள்ளையை வெற்றுடம்போடு கிடத்திவிடுவார்கள்.

இதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காமாலைக்கு ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்கு அடியில் வைப்பது, அளந்து கொடுக்கும் வைத்தியம். வெயிலை அப்படி அளக்க முடியாது. காமாலை கூடியிருக்கும் குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டே நாளைக் கடத்துவது ஆபத்து. மஞ்சள் வயிற்றைத் தாண்டிக் காலுக்கு இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வைட்டமின் டி விஷயம் இன்னும் சுவாரசியமானது. யு.வி.பி. கதிர் காலை ஏழு மணிக்கு மிகக் குறைவு. தோல் வைட்டமின் டி தயாரிக்க அது போதாது. போதுமான அளவு வருகிற நேரத்தில் வெயில் பிள்ளைக்கு ஆகாததாகிவிடுகிறது. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் முதல் ஒரு வருடம் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கும் இது வேண்டும். சொட்டு மருந்து கொடுத்தால் எலும்புக்காக வெயிலைத் தேட வேண்டிய கட்டாயமே இல்லை. குறிப்பிட்ட சொட்டு மருந்தில் எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் கேட்டு அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும்.

கரப்பான் காயும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நேரோபேண்ட் என்ற குறுகிய அலைப்பட்டை யு.வி.பி. ஒளியைக் கொடுத்துக் கரப்பானை ஆற்றுகிற சிகிச்சை இருக்கிறது. அது தோல் டாக்டரின் மேற்பார்வையில், நொடிக் கணக்கில் கூட்டிக்கொண்டே போவது. கைக்குழந்தையைத் திண்ணையில் கிடத்துவது அதற்கு ஈடாகாது.

அப்படியானால் ஆயாவிடம் முடியாது என்று சொல்ல வேண்டுமா? வேண்டாம். ஏழு மணிக் காற்றும் வெளிச்சமும் பிள்ளைக்கும் தாய்க்கும் நல்லதுதான். மெல்லிய சட்டையோடு, திண்ணையின் நிழல் பக்கத்தில், எட்டு மணிக்குள் இருக்கட்டும். “ஆயா, எட்டு மணிக்குள்ள தூக்கிருவோம், வேர்த்தா பிள்ளைக்கு அரிக்குது” என்றால் எந்த ஆயாவும் மறுக்கமாட்டார். கிருமி, கதிர் என்று பேசுவதைவிட அரிப்பு என்ற சொல் நம் வீடுகளில் சட்டென்று எடுபடும்.

நிழலிலும் முழு நிழல், அரை நிழல் உண்டு

நல்ல செட்டிநாட்டு வீடு வெயிலைத் தெரிந்து கட்டியது. முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை வாசல்கள் ஒரே நேராக இருக்கும், காற்று ஓடும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் உயர்ந்த கூரையும் சூட்டை மேலேயே நிறுத்தும். ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட தரை காலுக்குச் சில்லென்று இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்கு எங்கே தூளி கட்டுவது என்பதுதான் கேள்வி. வளவை (நடு முற்றம் உள்ள கட்டு) சுற்றி ஓடும் தாழ்வாரம், காற்று வருகிறது என்று, பலருக்கும் முதலில் தோன்றும் இடம். அங்கே நின்று மேலே பாருங்கள். முற்றத்தின் திறப்பு வழியே எவ்வளவு வானம் தெரிகிறது? புற ஊதாக் கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. காற்றில் பட்டுச் சிதறி, நீல வானம் முழுவதிலிருந்தும் இறங்குகிறது. நண்பகலில்கூட அதில் கணிசமான பங்கு இப்படிச் சிதறி வருவதுதான். வெயில் மேலே விழாவிட்டாலும், பிள்ளை கிடக்கும் இடத்திலிருந்து வானம் அகலமாகத் தெரிந்தால் அது அரை நிழல். பத்திலிருந்து நாலுவரை தூளியைத் தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டுங்கள், இல்லையென்றால் பட்டாலை என்ற கூடத்துக்குள் மாற்றிவிடுங்கள். பிள்ளையின் தலைமாட்டில் உங்கள் தலையை வைத்துப் பார்த்து, கண்ணுக்கு வானம் படவில்லை என்றால் சரி.

எல்லோருக்கும் வளவு வீடு இல்லை. காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கதிரைவிடச் சூடுதான் எதிரி. காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் இறக்கும். பிள்ளைக்கு அரிப்பு இரவில் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். மாடியில் தென்னங்கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ போட்டால் அறைச் சூடு நன்றாகவே குறையும். ஃபேன் காற்று நேரே பிள்ளை மேல் அடித்துத் தோலை உலர்த்தாமல், சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி வையுங்கள்.

மரத்தில் புளியும் வேம்பும் அடர்ந்த நிழல். கருவேலம் பேருக்குத்தான் நிழல்.

பஸ்ஸிலும் காரிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பக்கக் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுக்கும், யு.வி.ஏ.யில் கணிசமான பகுதியை விட்டுவிடும். சூடும் ஏறும். காலையில் காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போகிறீர்கள் என்றால் பஸ் வடக்கு நோக்கிப் போகும், வெயில் வலப்பக்கம் அடிக்கும். இடப்பக்கச் சீட்டைப் பிடியுங்கள். திரும்பி வருவது மாலை என்றால் தெற்கு நோக்கி வருகிறீர்கள், அப்போதும் வெயில் வலப்பக்கம்தான். டூவீலரில் பிள்ளையின் முகத்தையே டர்க்கி டவலால் மூடிக்கொண்டு போகிறார்கள், அது வேண்டவே வேண்டாம். மூச்சும் முட்டும், உள்ளே சூடும் கட்டும்.

துணி

நல்ல பருத்தித் துணி எந்தக் கிரீமையும்விட நம்பகமான காப்பு. அழியாது, தோலை எரிக்காது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதில்லை. நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். துணியை ஒற்றையாக விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பின்னால் உங்கள் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் கதிரும் அப்படித்தான் புகும். விரல்கள் வெறும் நிழலாகத் தெரிந்தால் நல்ல துணி. முழுக்க மறைந்தால் கதிருக்கு நல்லது, ஆனால் கோடைக்குக் கனம். மல் துணி ஜப்லா வீட்டுக்குள் அருமை, வெளியே போகப் போதாது.

நம் ஊரில் இதற்குத் தோதான துணி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பருத்திச் சேலையின் பழையது ஒன்று எல்லா வீட்டுப் பெட்டியிலும் கிடக்கும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன, ஆனால் நைந்து போகாத கண்டாங்கியில் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தால் கரப்பான் பிள்ளைக்கு அதைவிட இதமானது கிடையாது. உள்தையல் தோலில் உரசாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தைக்கச் சொல்லுங்கள், கழுத்தில் லேபிள் வேண்டாம். ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். நனைந்த பருத்தி கதிரை இன்னும் உள்ளே விடும், வேர்வையில் ஊறியதும் மாற்றிவிடுங்கள். தொப்பிக்குச் சுற்றிலும் விளிம்பு இருக்க வேண்டும், காதும் பின்கழுத்தும் அதற்குள் அடங்க வேண்டும். கழுத்தில் நாடா இறுக்கிக் கட்டுவது மட்டும் கூடாது.

முடி இறக்கும் நாள்

செட்டிநாட்டில் ஒரு கைக்குழந்தைக்கு அதிக வெயில் படுகிற நாள் எது என்று யோசித்துப் பார்த்தால், அது குலசாமி கோயிலில் முடி இறக்கிக் காது குத்துகிற நாளாகத்தான் இருக்கும். பல கோயில்கள் ஊருக்கு வெளியே, சுற்றிலும் பொட்டல். உறவெல்லாம் வேனில் வந்து சேர வேண்டும், பொங்கல் வைக்க வேண்டும், படைக்க வேண்டும். அம்மான் மடியில் பிள்ளையை உட்கார வைக்கிறபோது பதினொன்று ஆகியிருக்கும். அதுவரை முடி காத்துவந்த உச்சந்தலை, பிறந்ததிலிருந்து முதல்முறையாக வெறுந்தலையாக வெளியே வருகிறது. அதுவும் கத்தி பட்டுச் சிராய்த்த தோலோடு.

கரப்பான் உள்ள பிள்ளைக்கு இந்த நாளைக் கொஞ்சம் திட்டமிட்டுச் செய்யுங்கள். முடிந்தால் தை, மாசியில் நாள் பாருங்கள். எந்த மாதமானாலும் முடி இறக்குவதைக் காலை எட்டுக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள், பொங்கலும் படையலும் நிதானமாக நடக்கட்டும். தலையில் கரப்பான் பொருக்கு வெடித்தோ நீர் கசிந்தோ இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுவதே சரி. சாமி கோபிக்காது. பிளேடு புதிதாகத்தான் இருக்க வேண்டும், தோலோடு ஒட்ட மழிக்காமல் மேலாக எடுக்கச் சொல்லலாம். முழுத் தலைக்கும் சந்தனம் பூசுவது வழக்கம். சிராய்ப்புள்ள கரப்பான் தோலில் அது எரியும், காய்ந்து இழுக்கும். கடையில் வாங்கும் சந்தனத் தூளில் வாசனைப் பொருளும் கலந்திருக்கும். வீட்டில் இழைத்த சந்தனத்தை நெற்றிக்கு மேலே ஒரு பொட்டாக வைத்தால் சாங்கியம் நிறைவேறிவிடும். அப்புறம் தலையை மெல்லிய பருத்திக் குல்லாயால் மூடி நேரே நிழலுக்கு. அன்றைக்கு அந்தத் தலையில் சன்ஸ்கிரீன் வேண்டாம், வெட்டுப்பட்ட தோலுக்கு அது இல்லை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் பால்குடம் எடுக்கிறபோது கைக்குழந்தையோடு கூட்டத்தில் நிற்பவர்களும் இதே கணக்கை மனசில் வைத்துக்கொள்ளலாம்.

கிரீம்

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ ஆலோசனை. உடம்பின் எடையோடு பார்த்தால் சிறு குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம், பூசுவது உள்ளே இறங்கும் அளவும் அதற்கேற்பக் கூடும். கரப்பான் தோலில் இன்னும் கூடலாம். நிழலே கிடைக்காத இக்கட்டில் மட்டும், முகத்துக்கும் புறங்கைக்கும் கொஞ்சமாகப் பூசலாமா என்று உங்கள் குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் பூசலாம். கடையில் இரண்டு ரகம் கிடைக்கும். ஒன்று கதிரை உறிஞ்சி மாற்றும் ரசாயனங்கள் கொண்டது. இன்னொன்று ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு என்ற தாதுப் பொடிகள் கலந்தது. இவை தோலின் மேலேயே தங்கும், எரிச்சல் குறைவு. கரப்பான் பிள்ளைக்கு இரண்டாவதுதான். பெட்டியின் பின்பக்கம் இந்தப் பெயர்கள் மட்டும் செயல்படும் பொருளாக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.பி.எஃப். என்பது யு.வி.பி.க்கான எண். 15 என்றால் சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. பார்த்தீர்களா, 30க்கு மேலே எண் ஏறுகிற அளவுக்குக் காப்பு ஏறுவதில்லை. 30 போதும், 50 இருந்தாலும் சரி. யு.வி.ஏ.க்குப் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும். வாசனை சேர்க்காதது என்று எழுதியிருக்க வேண்டும். ‘ஹெர்பல்’, ‘இயற்கை’ என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். லாவெண்டர் எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் இயற்கைதான், கரப்பான் தோலுக்கு இரண்டும் ஆகாது. ஸ்பிரேயும் வேண்டாம், பிள்ளை மூச்சில் இழுத்துவிடும்.

புதிதாக வாங்கியதும் முகத்தில் பூசிவிடாதீர்கள். முன்கையின் உட்புறம், கரப்பான் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் காலையும் மாலையும் நாலைந்து நாள் பூசிப் பாருங்கள். தடிப்போ அரிப்போ இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம்.

பூசும் முறையிலும் கவனம் வேண்டும். முதலில் எப்போதும் போடும் மாய்ஸ்சரைசர். அது தோலில் ஊற ஒரு கால்மணி நேரம் விடுங்கள். அப்புறம் உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை சன்ஸ்கிரீனைப் பிதுக்குங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய அந்த அளவு. நெற்றியில் இரண்டு, கன்னத்துக்கு இரண்டிரண்டு, மூக்கில், மோவாயில் என்று புள்ளி புள்ளியாக வைத்து, விரல் நுனியால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கரப்பான் அரிப்பு எழும்பிவிடும். இமையில் வேண்டாம். பிள்ளை வாயில் வைக்கிற கைக்கும் வேண்டாம், அதற்கு முழுக்கைச் சட்டை இருக்கிறது. நம் நிறத்தில் ஜிங்க் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். விபூதி பூசின மாதிரி இருக்கிறதே என்று துடைத்துவிடாதீர்கள், அது மேலே தங்கியிருப்பதால்தான் வேலை செய்கிறது. வெளியே கிளம்பக் கால்மணி முன்னால் பூசி, வேர்த்தாலோ இரண்டு மணி நேரம் ஆனாலோ மறுபடி பூச வேண்டும். வெடித்த, நீர் கசிகிற இடத்தில் பூசக் கூடாது. அந்த இடத்தைத் துணிதான் காக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கிற நாளில் இது எதுவும் தேவையில்லை. தினமும் பூசு என்று சொன்ன அப்பாவிடம் அதைத்தான் சொல்ல வேண்டும். வெளியே போய் வந்த நாளில், சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில், வாசனையில்லாத மென்மையான சோப்பால் கழுவிவிடுங்கள். குளியல் பத்து நிமிஷத்துக்குள் முடியட்டும். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். நலங்கு மாவும் கடலை மாவும் போட்டுத் தேய்ப்பது, கரப்பான் இருக்கிறவரை, வேண்டாம்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கேட்பார்கள். செக்கில் ஆட்டிய நல்ல தேங்காய் எண்ணெய் கரப்பான் தோலுக்கு இதமானதுதான். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் செய்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மினரல் ஆயில் என்ற தாது எண்ணெயைவிட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வெயிலுக்குத் தேங்காய் எண்ணெய் காப்பு இல்லை. எண்ணெய் தடவி வெயிலில் கிடத்துவது இரண்டு வகையில் கெடுதல், தோலும் சுடும், வேர்வைக் கண் அடைத்து வேர்க்குருவும் கிளம்பும். எண்ணெயை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலமைன் லோஷனும் டயப்பர் கிரீமும் ஜிங்க் உள்ளவைதான் என்றாலும் வெயிலுக்குச் சோதித்துச் செய்தவை அல்ல. காலமைன் கரப்பான் தோலை இன்னும் உலர்த்தும்.

வெள்ளைத் தேமலும் டாக்டரும்

கோடை முடிகிற நேரத்தில் பிள்ளையின் கன்னத்தில் வெளிறிய திட்டுகள் தெரியும். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுப்பார்கள், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. லேசான கரப்பான் ஆறின இடத்தில் நிறமி தாமதமாகிறது. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்கக் கறுக்க, அந்தத் திட்டு எடுப்பாகத் தெரிகிறது. மாய்ஸ்சரைசரும் தொப்பியும் பொறுமையும் போதும், சில மாதத்தில் நிறம் சேர்ந்துவிடும். தெரிந்தவர் கொடுத்த முகக் கிரீமை மட்டும் பூசிவிடாதீர்கள். சிவப்பழகுக் கிரீம்கள் சிலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் அளவு சொல்லிக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு. அதைப் பயந்து பாதியில் நிறுத்துவதும் தப்பு.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வெயில் பட்டுத் தோல் கன்றிவிட்டால், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி, தாய்ப்பாலைக் கூடுதலாகக் கொடுத்து, டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் தண்ணீர் கொடுக்க வேண்டாம், பாலே போதும். கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். கரப்பான் இடத்தில் திடீரென்று கொத்துக்கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் எழும்பிக் காய்ச்சலும் வந்தால், அக்கி என்று காவி எழுதிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. கரப்பான் தோலில் அதற்குக் காரணமான ஹெர்ப்பிஸ் கிருமி வேகமாகப் பரவும், மணிக்கணக்கில் முற்றும். இரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

கரப்பானுக்கு டாக்ரோலிமஸ் போன்ற களிம்பை டாக்டர் எழுதியிருந்தால், பூசிய இடத்தில் வெயில் படாமல் கூடுதலாகக் காக்க வேண்டும். எந்த நேரத்தில் பூசுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போகும்போது மருந்துச் சீட்டோடு, வீட்டில் பூசுகிற எல்லா ட்யூபையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, எது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே சொல்லிவிடுவார்.